காலண்டரில் விட்டுப்போன வீடு

போன மாதம் புதுச்சேரியில் என் மருமகன் வேலை செய்யும் அச்சுக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அங்கே போட்டோவைக் கேன்வாஸ் துணியிலேயே அச்சடிக்கிறார்கள். அதன்மேல் தடித்த பசையைப் பிரஷ்ஷால் இழுத்துவிட்டால் ஆயில் பெயின்டிங் மாதிரியே ஆகிவிடுகிறது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் ஒரு தெருப் படத்தைத் திறந்து, மின்கம்பத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். கம்பம் காணாமல் போனது. பிறகு கம்பிகள், ஒரு குப்பைத்தொட்டி, ஓரமாக நின்ற ஆட்டோ எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின.

"உங்க காலத்துல இதுக்கு என்ன சார் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

வரையாமல் விட்டுவிடுவோம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படி விட்டதால் எப்போதாவது சிக்கல் வந்ததா என்று இன்னொருவர் கேட்டார். ஒரே ஒரு முறை வந்தது என்றேன். சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் வேலை கெட்டுப்போகும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் குணசேகரன். சொந்த ஊர் பிரம்மதேசம். கல்யாணமானதிலிருந்து மரக்காணத்தில் இருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் நகரக் காட்சிகள் வரைவதே என் பிழைப்பாக இருந்தது. என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ரத்தினசாமி மாஸ்டர் என்றால் புதுச்சேரியில் ஓவியம் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். நான் அவருடைய பாணியில் வரைந்தவன். என் படத்தைப் பார்த்து ஒருவர் "இது ரத்தினசாமி படமாச்சே" என்று சொன்னால், அன்றைக்கு வேலை சரியாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே இல்லை.

இருபது வயதில் அவரிடம் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டினேன், பிரஷ் கழுவினேன், அவர் சாப்பிடும்போது விசிறினேன். மூன்றாவது வருடம் வானத்தைக் கொடுத்தார். ஐந்தாவது வருடம் தெருவைக் கொடுத்தார். அவ்வளவுதான் என் படிப்பு.

மாஸ்டர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை. அதில் ஒரு பொட்டு வண்ணம் இருக்காது. கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் மாடி அறைதான் அவருடைய பட்டறை. நாங்கள் வரைந்ததில் எது பிடிக்கவில்லையோ, அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, கத்தியைத் துணியில் துடைத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஏன் சுரண்டினார் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் ஒரே இடத்தை மூன்று முறை சுரண்டுவார். நான்காவது முறை கத்தியை எடுக்காமல் போனால், சரியாகிவிட்டது என்று பொருள்.

அவருடைய முறை இது. முதல் மூன்று நாள் பென்சிலைத் தொடக்கூடாது. மொட்டை மாடியோ கோபுரமோ, உயரமான ஓர் இடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு இறங்கி நடந்து, காலடியால் அளக்க வேண்டும். இந்தத் தூணிலிருந்து அந்த வாசலுக்கு இத்தனை காலடி என்று நோட்டில் குறித்து ஒரு வரைபடம் போட வேண்டும். அதற்கப்புறம் மேலே ஏறி மூன்று பென்சில் படங்கள். முதல் படத்தில் கண்ணில் படுகிற எல்லாம் இருக்க வேண்டும். இரண்டாவதில் வெயிலும் நிழலும் மட்டும். மூன்றாவதில் வேண்டாததைக் கழித்துவிட வேண்டும். மூன்றாவதுதான் கேன்வாஸுக்குப் போகும். நீலப்பொடி தடவிய நூலை ஓர் ஆணியில் கட்டிச் சுண்டினால் துணியில் கோடு விழும். தெருவின் எல்லாக் கோடும் அந்த ஒரே ஆணிக்குப் போய்ச் சேர வேண்டும். முதலில் வானம், அப்புறம் தெரு, கடைசியில் வீடுகள். நிழல் எங்கே விழுந்தாலும் அதே மங்கலான ஊதாதான்.

வேண்டாதது எது என்பதற்கு அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். "கீழேர்ந்து கண்ணு ஏறி வரணும்பா. அடிவானம் வரைக்கும் நடந்து போவணும். நடுவுல எதுவும் காலைத் தடுக்கக் கூடாது." அதனால்தான் அவர் படங்களில் பாரிமுனைகூட அமைதியாக இருக்கும். கம்பம் இருக்காது, வண்டி இருக்காது, ஆள் அநேகமாக இருக்க மாட்டார்கள். தெரு மட்டும் கழுவிவிட்ட மாதிரி கிடக்கும். ஜனங்கள் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள்.

2004 வாக்கில் மாஸ்டருக்குக் கண் நீர் அழுத்தம் முற்றிவிட்டது. சுற்றுப் பார்வை எல்லாம் போய், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம்தான் தெரிந்தது. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே வந்த வேலைகளை நான்தான் வரைந்தேன். அவர் கேன்வாஸுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, துண்டு துண்டாகப் பார்ப்பார். சம்மதம் என்றால் மூலையில் கையெழுத்துப் போடுவார். அது அந்தப் பட்டறையில் ஒளிவுமறைவான விஷயமில்லை. ஆனால் வெளியே யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஒரு வேலை வந்தது. வலை, கயிறு, படகு எஞ்சின் சாமான்கள் விற்கும் புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர், 2005-ஆம் வருடக் காலண்டருக்குப் பன்னிரண்டு படங்கள் கேட்டார். பதினொன்று நகரக் காட்சிகள். பன்னிரண்டாவது, அவரிடம் சாமான் வாங்கும் மீனவர்களின் ஊர் ஒன்று வேண்டும் என்றார். அனுமந்தைப் பக்கத்தில் ஒரு குப்பத்தைச் சொன்னார். அந்தக் குப்பத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்.

எனக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. சித்திரை வெயிலில் சைக்கிளில் போனேன். குப்பத்தில் உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். அதன் இரும்பு ஏணியில் பாதி ஏறினால் உட்கார ஒரு தட்டு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தொட்டியடியிலிருந்து நேராகக் கடல் வரைக்கும் ஒரு மணல் தெரு. இரண்டு பக்கமும் கூரை வீடுகளும் சில ஓட்டு வீடுகளும். நகரத் தெரு வரைந்து பழகிய கைக்கு அது தோதாகத்தான் இருந்தது, ஒரே ஒரு வீட்டைத் தவிர.

இடப்பக்க வரிசையில் ஒரு சின்னக் கூரை வீடு மட்டும் தெருவுக்குள் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகாமலிருக்க நீலத் தார்ப்பாய் போட்டு, பழைய வலையால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அது தனத்தின் வீடு. அவளுடைய கணவர் கடலில் போய்விட்டார். மாமியார் வீட்டில் இடம் போதாமல், மகளோடு தனியாக வந்து அந்தக் குடிசையைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள். விடியுமுன் போய், வெயில் ஏறும்போது கால் வெளுத்துத் திரும்பி வருவாள்.

ஏணித் தட்டில் உச்சி வெயிலில் உட்கார முடியாது. அந்த நேரத்துக்கு நிழல் விழுந்த இடம் தனத்தின் வீட்டு வாசல்தான். உடைந்த அம்மிக்கல் ஒன்றைப் படியாகப் போட்டிருந்தாள். நான் அதில்தான் உட்காருவேன். முதல் நாள் அவளாகவே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாம் நாள் நீர்மோர். எத்தனை நாளைக்கு இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், எப்போது வரைவீர்கள் என்று கேட்டாள். ஒரு வாரம் அந்த வாசலில் உட்கார்ந்து என் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டேன்.

முதல் பென்சில் படத்தில் அவள் வீடு இருந்தது. மூன்றாவதில் இல்லை. மாஸ்டர் சொல்லவில்லை, அவர் அங்கே வரவே இல்லை. அவர் இருந்தால் என்ன செய்வாரோ அதை நான் செய்தேன். அந்த வீட்டை எடுத்துவிட்டால் தெரு தொட்டியடியிலிருந்து கடல் வரைக்கும் ஒரே மூச்சில் ஓடியது. கேன்வாஸில் அந்த இடத்தை மணல் நிறத்தால் நிரப்ப எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாஸ்டர் தன் வட்டப் பார்வையால் அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, "மணல் நல்லா இருக்குது" என்றார். கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் நடுவில் காலண்டர் வந்தது. குப்பத்தில் வீட்டுக்கொன்று கொடுத்தார்கள். பலர் வெளியூரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் வாங்கி அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது.

அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. பார்த்தவர்கள் எழுதட்டும். என் வீடு பெரிய ரோட்டுக்கு மேற்கே இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் குப்பத்துக்குப் போனேன். தொட்டி நின்றது, ஓட்டு வீடுகளில் சில சுவர்கள் நின்றன. கூரை வீடு ஒன்றுகூட இல்லை. தனம் பிழைத்திருந்தாள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அதனால் அன்றைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு பிரம்மதேசத்துக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். அவள் உயிரோடிருக்கிறாள் என்று கேட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தேன். படம் எனக்கு நினைவுக்குக்கூட வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் சுருட்டிய காலண்டர் தாள். என் மனைவி சரோஜா டீ போட்டுக் கொடுத்தாள். தனம் டீயைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

கடலிலிருந்து தள்ளி ஓரிடத்தில் எல்லோருக்கும் புது வீடு கட்டித் தரப்போகிறார்கள். இருந்த வீட்டுக்கு ஒரு வீடு. பெயர் எழுதுகிறார்கள். தனத்தின் பெயர் மாமியார் வீட்டு ரேஷன் கார்டிலேயே இருந்தது, தனிக் கார்டு வாங்கியிருக்கவில்லை. அதனால் அவளை அந்தக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். தனியாக வீடு இருந்தது என்று அவள் சொன்னபோது, ஊர்ப் பெரியவர் அது வீடில்லை, வழியில் போட்ட கொட்டகை என்றார். ஆதாரம் உண்டா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அப்போதுதான் யாரோ வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து காலண்டரை எடுத்து வந்தார்கள். படத்தில் ஒவ்வொரு கூரையாக எண்ணிப் பார்த்தார்கள். மற்றவர்கள் வீடெல்லாம் இருந்தது.

அவள் தாளைத் தரையில் விரித்து, நான் பூசிய மணலின்மேல் விரலை வைத்தாள்.

"நீங்க உக்காந்துருந்த எடமே படத்துல இல்லீங்களே சார்" என்றாள்.

குரலில் கோபம் எதுவுமில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். நான் தவறி விட்டிருப்பேன் என்றுதான் அவள் நினைத்தாள். படம் அழகாக இருப்பதற்காக எடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பார்க்கவில்லை. பத்து நாள் சும்மா இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. மாஸ்டரின் மகள் விமலா, சென்னையில் ஒரு கேலரியில் பேசி, அவருடைய படங்களை ஒரு கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். வாழ்நாளில் அவருக்குக் கிடைக்கப்போகும் முதல் தனிக் கண்காட்சி. ஒவ்வொரு தெருவையும் நேரில் உட்கார்ந்து தன் கையாலேயே வரைந்தவர் என்று அறிமுகத் தாளில் எழுதியிருந்தார்கள். என்னிடம் முதல் பென்சில் படமும் காலடி அளவு நோட்டும் இருந்தன. அவற்றைக் காட்டினால் தனத்தின் வீடு இருந்தது என்று நிரூபிக்கலாம். ஆனால் நோட்டு முழுக்க என் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர் என்பது அதோடு வெளியே வந்துவிடும். ஒரு படத்தில் அப்படி என்றால் மற்றப் படங்களையும் கேட்பார்கள்.

பதினோராம் நாள் சரோஜா சோறு போடும்போது சொன்னாள். "தெனமும் வந்து சொல்லுவீங்களே, தனம் மோர் குடுத்துச்சி, தனம் வூட்டாண்ட நெழலு நல்லா இருந்துச்சின்னு. எனக்கே அந்த வூடு தெரியும். நான் வேணா போயி சொல்லட்டுமா?"

அன்று மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விமலா பக்கத்தில் கண்காட்சிக்கான பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விமலாதான் முதலில் பேசினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். "அண்ணா, அந்த அம்மாவுக்கு வேற வழியில ஒத்தாசை செய்யலாம். அப்பா இத்தினி வருஷம் கண்ணைக் குடுத்து வரைஞ்சதை ஒரே நாள்ல சந்தேகப்பட வச்சிடாதீங்க" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாஸ்டர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த வீடு எவ்வளவு தூரம் தெருவுக்குள் வந்திருந்தது என்று கேட்டார். சொன்னேன். கூரை என்ன, நிழல் காலையில் எந்தப் பக்கம், மாலையில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். நீலத் தார்ப்பாயைப் பற்றிச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். மனதில் படத்தை நிறுத்திப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"நானும் எடுத்திருப்பேன்பா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த அதிகாரி எந்தக் கிழமை வருவார் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். தானும் வருவதாகச் சொன்னார். விமலா தடுத்துப் பார்த்தாள். "கையெழுத்து என்னுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை அவரைப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து அழைத்து வந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது, உப்பளம் வந்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டார். வாசனையில் தெரிந்ததாம். குப்பத்தில் தொட்டிக்கு அடியில் சாமியானா போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுப் பெண். பொறுமையானவர். ஊர்ப் பெரியவர், தனத்தின் மாமியார், கொழுந்தன், இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். தனம் தூணோரமாகத் தனியே நின்றாள்.

நோட்டை அதிகாரியிடம் கொடுத்தேன். முதல் பென்சில் படத்தைக் காட்டினேன். அவர் காலண்டரையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலண்டரில் ரத்தினசாமி என்று போட்டிருக்கிறது, நோட்டில் வேறு கையெழுத்து இருக்கிறது, இதில் எது சரி என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மாஸ்டர் பேசினார். "ரெண்டும் சரிதாம்மா. கையெழுத்து என்னுது. படம் இவுரு வரைஞ்சது. நான் இந்த ஊருக்கே இன்னைக்குத்தான் மொத தடவையா வர்றேன்."

நான் தொடர்ந்தேன். வீடு அங்கே இருந்தது, ஒரு வாரம் அதன் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன், படம் நேராக வரவேண்டும் என்று நான்தான் அதை எடுத்தேன் என்று சொன்னேன். தனத்தின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

ஊர்ப் பெரியவர் கெட்டவர் இல்லை. பட்டியல் இழுத்துக்கொண்டே போனால் யாருக்கும் வீடு கிடைக்காது என்ற பயம் அவருக்கு. அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "அப்ப வேற எதையெல்லாம் வுட்டீங்க?"

இரண்டு மின்கம்பம், தெருமுனையில் கிடந்த வலைக் குவியல், பாதி கட்டிய ஒரு கக்கூஸ் சுவர், தொட்டியடியில் படுத்திருந்த ஆடுகள் என்று நினைவிலிருந்து சொன்னேன். ஆடுகளைச் சொன்னதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆட்டுக்காரர் தலையாட்டினார். வீடு என்று எடுத்தது அது ஒன்றுதான் என்றேன்.

அதிகாரி வரைபடப் பக்கத்தைத் திருப்பி, இந்த எண்கள் என்ன என்று கேட்டார். காலடிக் கணக்கு என்றேன். நடந்து காட்ட முடியுமா என்றார்.

தொட்டியின் கிழக்குத் தூணிலிருந்து கடலைப் பார்த்து நடந்தேன். தெரு என்று சொல்ல இப்போது அங்கே ஒன்றுமில்லை, வெறும் மணல். நாற்பத்திரண்டு காலடி. அங்கிருந்து இடப்பக்கம் ஒன்பது. எல்லோரும் என் பின்னாலேயே வந்தார்கள். நின்ற இடத்தில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு வருடத்தில் என் நடை மாறியிருக்குமோ என்று பயந்தேன். தனம் முன்னால் வந்து முழங்காலிட்டு, கையால் மணலைத் தள்ள ஆரம்பித்தாள். ஒரு முழம் தள்ளியும் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கிழக்கே நகர்ந்து தள்ளினாள். அங்கே அவள் கை நின்றது. அம்மிக்கல். ஒரு ஓரம் உடைந்தது.

அப்படி ஒரு கல் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தமாக இருக்கலாம் என்று பெரியவர் சொல்லப்போனார். அப்போது தனத்தின் கொழுந்தன் பேசினார். அதுவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"கல்லு எங்க வூட்டுதுதான். அண்ணி தனியா வந்தப்ப நான்தான் தூக்கியாந்து போட்டேன். வாசல்ல சேறா இருக்குதுன்னு சொல்லிச்சி."

அவருடைய அம்மா அவரை முறைத்தார். அவர் கீழே பார்த்தபடியே நின்றார். அதிகாரி சாமியானாவுக்குத் திரும்பிப் போய் எழுதினார். என்னிடமும் மாஸ்டரிடமும் கையெழுத்து வாங்கினார். மாஸ்டருக்கு எங்கே போடுவது என்று தெரியவில்லை. நான் அவர் விரலைப் பிடித்துத் தாளில் வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், அந்தக் கொழுந்தனின் குரல் நன்றாக இருந்தது என்றார்.

கேலரிக்காரர்களிடம் விமலாவே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் கண்காட்சியை நிறுத்தவில்லை, ஆனால் படங்களைப் பிரித்துத் தரச் சொன்னார்கள். எது அவர் கை, எது உன் கை என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அன்று பட்டறையில் எல்லாப் படங்களையும் சுவரோரம் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கால்வாய் மாஸ்டருடையது. பெரிய மார்க்கெட் என்னுடையது. மணிக்கூண்டு மாஸ்டருடையது. சென்ட்ரல் ஸ்டேஷன் என்னுடையது. சொல்லச் சொல்ல என் பக்கம் அதிகமாகிக்கொண்டே போனது. மாஸ்டர் நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நிறுத்திவிடலாமா என்று தோன்றியபோது, "மேல சொல்லு" என்றார்.

இரண்டு படங்கள் மட்டும் எனக்கே தெரியவில்லை. இரண்டும் திருவல்லிக்கேணித் தெருக்கள். நான் சேர்ந்து ஏழெட்டு வருடத்தில் வரைந்தவை. மாஸ்டர் அருகில் வந்து வண்ணத்தின்மேல் விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அவர் பெயரிலேயே போட்டுவிடலாம் என்றேன். வேண்டாம், அதற்குப் பெயரே போடாதே என்றார். அப்படியே பெயர் இல்லாமல் தொங்கவிட்டார்கள்.

கண்காட்சி நினைத்ததில் பாதி அளவில்தான் நடந்தது. ஆனால் மாஸ்டர் திறப்பு நாளுக்கு வந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். அவருடைய சொந்தப் படங்களின் முன்னால் நின்றவர்களிடம், அந்தந்தத் தெருவில் எத்தனை காலடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் படங்களை விமலா பழைய பெட்ஷீட்டில் சுற்றி மரக்காணத்துக்கு அனுப்பி வைத்தாள். அந்த வருட மழைக்காலத்தில் மாஸ்டர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதற்கப்புறமும் நான் அவர் பாணியில்தான் வரைந்தேன். உன் சொந்தப் பாணி எங்கே என்று கேட்டவர்களுக்கு, இதுதான் எனக்குத் தெரிந்தது என்று சொல்வேன். ஒரே வித்தியாசம், மூலையில் என் பெயரைப் போட்டு, அதன்கீழ் மாஸ்டர் பாணி என்று எழுத ஆரம்பித்தேன். வாங்குபவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள். கை நடுங்கத் தொடங்கும்வரை குறைந்தவர்களை வைத்தே ஓட்டினேன்.

2006-இல் புது வீடுகளைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துத் தனம் ஆள் அனுப்பியிருந்தாள், வரும்போது பெயின்ட் எடுத்து வரச் சொல்லி. போனேன். எல்லா வீட்டுக் கதவுக்கும் பக்கத்தில் குடும்பத் தலைவர் பெயரை ஒப்பந்தக்காரரின் ஆள் எழுதியிருந்தார். தனத்தின் சுவரில் அவளுடைய மாமனார் பெயரைப் போட்டு, மருமகள் என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் பெயர் இல்லை.

அதை வெள்ளையால் மூடிக் காயவிட்டு, நீலத்தில் எழுதினேன். தெருப்பலகை எழுதுகிற எழுத்துதான், அலங்காரம் எதுவும் செய்யவில்லை. தனம் அருகில் நின்று பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது.

"இதுல என் பேரு எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டாள்.

காட்டினேன். அவள் முதல் எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் காயவில்லை. விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. எதில் துடைப்பது என்று தெரியாமல், வெள்ளைச் சுவரிலேயே அழுத்தித் துடைத்துவிட்டாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நீலக் கீற்று விழுந்தது. நான் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"இருந்துட்டுப் போவட்டும் சார்" என்றாள்.

துணியை மடித்து வைத்துவிட்டு, மீதி எழுத்துகளை எழுதி முடித்தேன்.